பன்னிரண்டாவது பத்திரம்

செஞ்சி,
4.2.2026

அன்புள்ள வீராசாமிக்கு,

நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிங்கவரத்துக்கு நான் கடிதம் எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நேரில் வந்தால், எதற்காக வந்தேனோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஃபோனில் இன்னும் மோசம். எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். இது நான்காவது பிரதி. முதல் மூன்றில் கோபம் தெரிந்தது, கிழித்துவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு வந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும், 'அறுப்பு நடக்குது, வர வேணாம்' என்று மருமகள் கலைவாணியை விட்டுச் சொல்லி அனுப்பினீர்கள். அறுப்பு நடக்கும்போதும் நான் வந்திருக்கிறேன். களத்து ஓரத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவீர்கள். ஆனாலும் சரி என்றேன்.

போன திங்கட்கிழமை மாத்திரை வாங்கப் போனேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுகிறவர் கடையிலிருந்து நீங்கள் இறங்கி வந்தீர்கள். கூட ஹார்டுவேர் கடை முருகையன். அவர் உங்கள் கையைப் பிடித்துப் படியிறக்கினார். உங்களுக்குக் கண் மங்கிய நாளிலிருந்து அந்தப் படியில் உங்கள் கையைப் பிடிக்கிறவன் நான். கூப்பிட நினைத்தேன். கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால் போய், நீங்கள் இருவரும் ஆட்டோவில் ஏறும்வரை சக்கைக் குவியல் பக்கம் நின்றேன். எழுபத்தாறு வயதில்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முருகையனே பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, உங்க சீட்டு போச்சு. வீராசாமி பத்திரத்துல முதல் சாட்சி நாந்தான்!"

"என்ன பத்திரம்?" என்றேன்.

"அத மட்டும் கேக்காதீங்க. வாயத் தொறந்தா கழுத்த நெரிச்சிடுவேன்னுருக்காரு."

டீக்கடையில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ ஆறிவிட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். 1984-இல் நீங்கள் அறுபது சென்ட் வாங்கிய அன்று சாட்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. நான் வேறு வேலையாக அங்கே நின்றிருந்தேன். "சாரு, ஒரு கையெழுத்து" என்றீர்கள். போட்டேன். வெளியே வந்ததும், "இனிமே நா போட்டா நீங்க, நீங்க போட்டா நானு" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அதையும் சேர்த்து இதுவரை உங்களுக்கு ஏழு, எனக்கு நான்கு. பதினொரு பத்திரம். தேதி வாரியாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பதினொன்றிலும் ஒருவருக்கு மற்றவர்தான் முதல் சாட்சி.

கேள்வி ஒன்றுதான். பன்னிரண்டாவது பத்திரத்துக்கு என்னை ஏன் கூப்பிடவில்லை?

இப்படிக்கு,
வெங்கடரமணன்

பி.கு.: நான் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கிறார். மார்ச்சுக்குள் காலி செய்ய வேண்டும். மகன் ஹரிஹரசுதன் 28-ஆம் தேதி வந்து என்னைப் புனேவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். அவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை.

*

சிங்கவரம்,
9.2.2026

வாத்தியாருக்கு வீராசாமி எழுதிக்கிறது.

(சார், மாமா சொல்லச் சொல்ல எழுதுறது நான்தான், கலைவாணி. அவர் 'நீ'ன்னு சொல்ற இடத்துல எல்லாம் 'நீங்க'ன்னு மாத்தியிருக்கேன். சில வார்த்தைய விட்டுட்டேன்.)

செஞ்சியில போட்ட தபால் கவுரு அஞ்சு நாள் சுத்திட்டு வந்துது. சைக்கிள எடுத்தா இருபது நிமிசம். கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னாடி நின்னீங்களாமே. எனக்குத்தான் கண்ணு தெரியல, உங்களுக்கு இன்னா? எட்டி ஒரு கொரலு குடுத்திருந்தா உங்களுக்கும் சேத்து ஒரு கிளாஸ் வாங்கியிருப்பேன்.

ஆமா, பத்திரம் போட்டேன். ஆமா, முருகையன்தான் சாட்சி. அவன் போட்டா இன்னா இப்போ? அவன் கை இன்னா அழுகியா போச்சி? ஒரு சாட்சிக் கையெழுத்துக்கு இம்மாம் ரோசமா? பொண்ணு கட்டிக் குடுக்கலேன்னு கோவிச்சிக்கிற மாதிரி கோவிச்சிக்கிறீங்க.

உங்களால அதுல சாட்சி போட முடியாது. அவ்ளோதான். ஏன்னு இப்ப கேக்காதீங்க. மாசித் தேரு முடியட்டும், சொல்றேன்.

ஹரிக்கு அதுக்குள்ள பதில் சொல்லிடாதீங்க. நீங்க 'சரி'ன்னு சொல்றதுக்கு யோசிக்க மாட்டீங்க, 'இல்ல'ன்னு சொல்றதுக்குத்தான் நாலு பிரதி எழுதுவீங்க.

வீராசாமி

(சார், இங்க மோட்டார் ஷெட்டு பக்கம் கலவை போட்டு ஒரே தூசி. சிமெண்டு, பைப்பு எல்லாம் முருகையன் அண்ணன் கடையிலேர்ந்துதான் வருது, அதனால அவர் தெனம் இங்கதான் இருக்காரு. மாமா இத எழுதக் கூடாதுன்னாரு. எழுதிட்டேன். — கலைவாணி)

*

செஞ்சி,
12.2.2026
விரைவுத் தபால், ஒப்புகையுடன்

வீராசாமி அவர்களுக்கு,

பதிவுத் தபாலைத் தனியாக வைத்திருப்பதை நிறுத்திவிட்டார்களாம். இனி விரைவுத் தபாலோடு சேர்த்துத்தான் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். எதில் அனுப்பினால் என்ன, உங்கள் கையில் சேர்ந்ததற்கு ஓர் அத்தாட்சி எனக்கு வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்தினேன். சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கரும்பலகையில் ஒவ்வொரு வருஷமும் எழுதிப் போட்டிருக்கிறேன். நீங்கள் களத்தில் மூட்டை தைத்துக்கொண்டே அதை என் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். நமக்குள் இருந்தது ஒப்பந்தமா என்று ஒரு வாரமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருவர் முன்வைக்க வேண்டும். 1984-இல் நீங்கள் முன்வைத்தீர்கள். மற்றவர் அதை ஏற்க வேண்டும். நான் தலையாட்டினேன், நடத்தையாலும் ஏற்கலாம், சட்டம் அதை ஒப்புக்கொள்கிறது. இருவரும் ஒன்றுக்கு ஒன்று ஏதாவது தர வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு என் கையெழுத்து. காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சாட்சி சொல்வதில் என்ன குற்றம்? யாரும் மிரட்டிச் சம்மதம் வாங்கவில்லை. விஷயமும் தெளிவாக இருந்தது. இதுவரை எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்தது தகுதி. ஒப்பந்தம் செய்கிறவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். இங்கே வந்ததும் 'உங்களால முடியாது' என்று நீங்கள் எழுதச் சொன்ன வரி எதிரே வந்து நின்றது.

மார்கழி அமாவாசையன்று சிங்கவரத்துக்கு வர வேண்டியவன் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கூட்டத்தில் இறங்க முடியாமல் அங்காளம்மன் கோயில் வாசல் வரை போய், எலுமிச்சம்பழக் கடை அருகே உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகன் பிரசாந்த்தான் பைக்கில் வந்து கூட்டிப்போனான். அன்று ஞாபகம் தப்பவில்லை. போர்டைப் பார்க்காமல் கூட்டத்தோடு ஏறினேன், அவ்வளவுதான். நீங்களும் அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டீர்கள். இப்போது முருகையன் கடையில், 'வாத்தியாருக்கு மேல் மாடி காலி' என்று பேசிக்கொள்கிறார்களாம். அதனால்தான் நான் சாட்சிக்கு உதவமாட்டேன் என்று முடிவு செய்தீர்களா? அப்படியானால் நேராகச் சொல்லலாம். நானே சில இரவுகளில் என்னை அப்படிச் சந்தேகப்பட்டதுண்டு.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு முருகையன்மேல் பொறாமை. மீசைக்குச் சாயம் பூசுகிறவர் என்பதால் அல்ல. அவர் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன்: பெரிதாக, அடியில் இரண்டு கோடு இழுத்து, கடைசியில் அழுத்தி ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பின்பக்கம் வரை தெரியும். என்னுடையது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நேற்று ஒரு தாளில் என் பெயரை அடியில் இரண்டு கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். வேறு யாரோ போட்ட மாதிரி இருந்தது. தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். என் மனைவி ராஜாம்பாள் இருந்திருந்தால் கண்டுபிடித்துச் சிரித்திருப்பாள்.

உங்கள் களத்தில் தினம் அவர் இருக்கிறார் என்று கலைவாணி எழுதியிருந்தாள். என் ஸ்டூலில்தான் உட்காருகிறாரா?

கடைசியாக ஒன்று. ஒப்பந்தத்துக்கு இன்றியமையாதவை என்று நான் எழுதிப்போட்ட அந்தப் பட்டியலில் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாமலே ஒப்பந்தம் நிற்கும். நாற்பத்திரண்டு வருஷமாக எந்த இடத்தை என் இடம் என்று நினைத்திருந்தேனோ, அது பட்டியலிலேயே இல்லை. அதோடு, சட்டத்துக்குக் கட்டுப்படும் எண்ணம் இருவருக்கும் இருக்க வேண்டும். சிநேகிதர்கள் பேசிக்கொள்வதில் அந்த எண்ணம் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே நமக்குள் ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை. நீங்கள் எதையும் மீறவில்லை. வழக்கை நானே தள்ளுபடி செய்துவிட்டேன்.

நேற்று ஹரி ஃபோன் செய்தான். 28-ஆம் தேதிக்கு 'சரி' என்று சொல்லிவிட்டேன்.

வெங்கடரமணன்

*

சிங்கவரம்,
17.2.2026, அமாவாசை

வாத்தியாரே,

(சார், இந்தத் தடவ 'நீ'ய மாத்தக் கூடாதுன்னு மாமா ஆர்டர். மன்னிச்சிக்குங்க. — கலைவாணி)

ஒப்புகை வேணுமா உனக்கு, ஒப்புகை? தபால்காரரு கையெழுத்து வாங்கறதப் பாத்துட்டு, வீராசாமிக்குக் கோர்ட்டுலேர்ந்து நோட்டீஸ் வந்துட்டுதுன்னு தெருவே கூடிப்போச்சி. பக்கத்து வீட்டு இளையபெருமாள் வந்து, "இன்னா மாமா, எந்தக் கொல்லைக்குத் தகராறு?"ன்னு கேக்கறான். கொல்லைக்கு இல்லடா, ஸ்டூலுக்குன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

ஸ்டூல்ல எவனும் குந்தல. முருகையன் குந்தப் போனான். அது வாத்தியாரு ஸ்டூலுன்னேன். அவன் சிமெண்டு மூட்ட மேல குந்திக்கினான். போதுமா?

உன் புத்திக்கு ஒண்ணும் ஆவல. அமாவாசை பஸ்ஸுல நா ஏறியிருந்தாலும் மேல்மலையனூருதான். கண்டதையும் யோசன பண்ணிக்கினு கெடக்காத.

தேரு முடிஞ்சி, ரூமுக்கு வெள்ளையடிச்சிட்டு, கூட்டியாந்து காட்டலாம்னு இருந்தேன். நீ ஹரிக்கு 'சரி'ன்னுட்ட. இப்ப வெள்ளையாவது பச்சையாவது. எல்லாத்தையும் சொல்லிடறேன்.

போன ஐப்பசில ஹரிகிட்ட ஃபோன் பேசிட்டு வந்து நீ என்கிட்ட இன்னா சொன்ன? "செஞ்சியில தலைய சாய்க்க ஒரு ரூம் இருந்தா போகமாட்டேன் வீராசாமி"ன்ன. சொல்லிட்டு, வேற பேச்சு பேசிட்ட. நா அத மறக்கல. மோட்டார் ஷெட்டு ஒட்டி ஒரு ரூம் கட்டிட்டேன். உள்ளயே பாத்ரூமு. கால் மடக்க முடியாதுன்னு மேல உக்கார்ற டாய்லெட்டு. அத முருகையன்தான் பாத்து எடுத்தான்.

சும்மா வந்து இருன்னா நீ இருக்க மாட்ட. கொல்லையில வெளஞ்ச மல்லாட்டக் கடல ஒரு படி குடுத்தா மறு ஞாயிறு கால் கிலோ காப்பித்தூள் வாங்கியாந்து வெப்ப. கலைவாணி ஒரு நாள் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினா, அது பல்லுவலியான்னு கூட கேக்காம பொட்டியத் தூக்கிக்கினு போயிடுவ. (நான் மூஞ்ச தூக்கவே மாட்டேன் சார்.) அதனால உனக்கு ரைட்டு வேணும். எவன் இன்னா சொன்னாலும் 'இது என் ரூமு'ன்னு சொல்ற மாதிரி. சிநேகிதக்காரங்க பேசிக்கினது சட்டத்துல நிக்காதுன்னு நீதான சொல்லுவ? அதுக்குத்தான் பேப்பரு. நா சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக்கறேன்னு முத்திரைத்தாள்ல எழுதிக் குடுத்தா நிக்குமில்ல?

பத்திரம் எழுதறவருகிட்ட போனேன். "ரெண்டாம் பார்ட்டி யாரு?"ன்னாரு. வாத்தியாருன்னேன். எல்லாம் எழுதிட்டு, "முதல் சாட்சி யாரு?"ன்னாரு. அதுவும் வாத்தியாருதான்னேன். அந்தாளு பேனாவ வெச்சிட்டுச் சிரிக்கறாரு. "பெரியவரே, கல்யாண மாப்பிள்ளையே மேளம் வாசிக்க முடியுமா? பார்ட்டியா இருக்கறவரு சாட்சி போட முடியாது"ன்னாரு. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சி. இத்தினி வருசத்துல வேற ஆள யோசிச்சதே இல்ல. யாரக் கூப்பிடறது? முருகையன் பைப்பு எறக்கிட்டு வண்டியோட வெளிய நின்னுக்கினு இருந்தான். அவனக் கூப்ட்டேன். இதுதான் நடந்துது. இதுக்குத்தான் நீ கரும்புச் சக்கையில நின்ன.

பத்திரத்த இத்தோட வெச்சிருக்கேன். படி. நீ ரூம்ல இருக்கணும். அதுக்குப் பதிலு, தெனம் காலைல எனக்குப் பேப்பர் வாசிச்சிக் காட்டணும். இது சும்மா போட்டது இல்ல. ரெண்டு வருசமா எனக்குத் தலைப்பு கூடத் தெரியல. பிரசாந்த் செல்லுல வெக்கிறான், அது கத்துது. நீ வாசிச்சா நடுவுல நிறுத்தி, "இதுல ஒரு தப்பு இருக்குது வீராசாமி"ம்ப. அது வேணும் எனக்கு.

பதினோரு மாசம்னு போட்டாரு எழுதறவரு, எல்லாம் அப்படித்தானாம். அடிக்கச் சொல்லிட்டு 'உயிர் உள்ள வரைக்கும்'னு போடச் சொன்னேன். பிரசாந்தும் கலைவாணியும் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. யாரும் மெரட்டல. (ஆமா சார். உங்களுக்குத் தனி அடுப்பு வெச்சிருக்கு, கவுச்சி எதுவும் அந்தப் பக்கம் வராது. — கலைவாணி)

ரெண்டாம் பார்ட்டி எடம் காலியா இருக்குது.

வீராசாமி

*

செஞ்சி,
21.2.2026, சனி

அன்புள்ள வீராசாமிக்கு,

உங்கள் கடிதமும் பத்திரமும் நேற்று வந்தன. கடிதத்தை ஒரு தடவையும் பத்திரத்தை ஒன்பது தடவையும் படித்தேன். கடிதத்தை இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

பத்திரத்தில் குறைகள் இருக்கின்றன. என் சுபாவம், சொல்லாமல் இருக்க முடியாது. எந்தப் பேப்பர் என்று எழுதவில்லை. முழுவதுமா, தலைப்பு மட்டுமா என்று இல்லை. எனக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று இல்லை. 'உயிர் உள்ள வரைக்கும்' என்று இருக்கிறது. யாருடைய உயிர் என்று இல்லை. நான் முன்னால் போனால் சிக்கல் இல்லை. நீங்கள் முன்னால் போனால், நான் அந்த ரூமில் உட்கார்ந்து யாருக்கு வாசிப்பது? பத்திரம் எழுதியவரிடம் இதைக் கேட்டுத் தெளிவாக்கியிருக்க வேண்டும். நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை முதல் சாட்சி இடத்தில் இருக்கிறது. இரண்டு கோடு, ஒரு புள்ளி. தாளைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளி பின்பக்கம் தெரிகிறது.

அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போடச் சொல்லலாமா என்று நேற்று மாலை முழுவதும் யோசித்தேன். பேனாவை எடுத்தும் விட்டேன். பிறகுதான் நான் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. ஏற்பு முழுமையாக இருக்க வேண்டும். முன்வைத்ததில் ஒரு சொல்லை மாற்றிக் கேட்டாலும் அது ஏற்பு ஆகாது. புதிதாக ஒன்றை முன்வைத்ததாகிவிடும். பழையது அந்த நிமிஷமே செத்துவிடும். பேனாவை மூடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான் ஒரு புள்ளியையும் தொடவில்லை. முருகையனுடைய புள்ளி உட்பட.

பேப்பர் வாசிப்பது ஒரு ரூமுக்கு ஈடாகுமா என்று கேட்கத் தோன்றியது. ஈடு சமமாக இருக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும் என்பதும் நானே நடத்தியதுதான். ஆனால் உங்களுக்கு அது வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன். நம்புவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஹரிக்கு ஃபோன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசினேன். "அன்று சரி என்று சொன்னேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சிங்கவரத்தில் ஒரு ரூம் இருக்கிறது" என்றேன். "அப்பா, ஸ்கிரிப்ட் பாத்துப் படிக்கிறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டான். பிறகு, "வீராசாமி மாமா ரூமா? ஃபேன் இருக்கா?" என்று கேட்டான். பத்திரத்தில் ஃபேன் பற்றி எதுவும் இல்லை என்றேன். 28-ஆம் தேதி வந்து அவனே மாட்டித் தருகிறானாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. காரணம் சொல்கிறேன். ஏற்பைத் தபால் பெட்டியில் போட்ட நிமிஷமே முன்வைத்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார். ஆனால் அது அவர் கையில் சேரும்வரை, ஏற்றவர் பின்வாங்கலாம். அதாவது, இன்று போட்டால் உங்களைக் கட்டும். என்னைக் கட்ட நாலைந்து நாள் ஆகும். நாலைந்து நாள் என்னைத் தனியாக விட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். ஐந்து பிரதி எழுதி, ஆறாவதில் 'மன்னிக்கவும், உங்களுக்கு ஏன் சிரமம்' என்று எழுதிவிடுவேன்.

ஆகவே நாளை ஞாயிறு, நானே கொண்டுவருகிறேன். பத்து மணி பஸ். போர்டைப் பார்த்து ஏறுகிறேன்.

ஒரு காரியம் செய்ய வேண்டும். இரண்டாம் பார்ட்டி கையெழுத்துப் போடும் முன்பே சாட்சியிடம் வாங்கிவிட்டார்கள். இது முறையல்ல. சாட்சி என்றால் இரண்டு பேர் போடுவதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இதைப் படித்ததும் ஆள் அனுப்பி, பதினோரு மணிக்கு முருகையனைக் களத்துக்கு வரச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், ஸ்டூல் வேண்டாம்.

நான் கையெழுத்துப் போடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

இரண்டாம் பார்ட்டி,
வெங்கடரமணன்